ஒரு கையால் திறக்கிற கம்ப்யூட்டர்

இன்று காலை அடையாறில் வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறை வர நேரமாகும் போலிருந்தது. கைப்பையிலிருந்து உன் கம்ப்யூட்டரை எடுத்து மடியில் வைத்துத் திறந்தேன். பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்து, இவ்வளவு சின்னதில் வேலை ஆகுமா ஆன்ட்டி என்று கேட்டாள். ஆகும் என்று ஆரம்பித்த நான் நிறுத்தவே இல்லை. தூக்கிப் போக கனமில்லை, சார்ஜ் நிற்கிறது, மடி சுடுவதில்லை, போன் சார்ஜரே இதற்கும் போதும், திறந்த உடனே விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம். அவள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். எல்லாம் நீ சொன்னது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், என்னமோ நானே கண்டுபிடித்த மாதிரி அளந்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு உறுத்துகிறது.

இதை வாங்க ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளுக்கு உன்னோடு வந்த அன்று இதில் எனக்கு ஒன்றும் தெரியாது. பெரிய திரையாக வாங்கு, கண்ணுக்கு நல்லது என்றேன். கடைக்காரரும் அதையேதான் சொன்னார். நீ காதில் வாங்கவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றின் மூடியையும் வலது கையால் மட்டும் திறந்து பார்த்தாய். பாதிக்கு மேற்பட்டவற்றில் மூடியோடு அடிப்பாகமும் சேர்ந்து எழுந்து வந்தது. வேண்டாம் என்று தள்ளினாய். விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று காதருகே பிடித்தாய். டிபன் டப்பாவும் போர்வையும் இருந்த துணிப்பையில் நுழைத்துப் பார்த்தாய். "மேடம், நீங்க லேப்டாப் வாங்க வந்தீங்களா, தேங்கா வாங்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "படுத்துக்கினு வேல செய்யறவளுக்கு இன்னா வேணும்னு உனக்குத் தெரியுமா நைனா?" என்றாய். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றவர்களின் மகள் எம்.ஏ. ஆங்கிலம் படித்திருந்தாலும் பேரம் என்று வந்தால் குப்பத்துப் பேச்சுதான்.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசிகள், அந்தக் கையை நான்கு மணி நேரம் அசைக்கக்கூடாது. கட்டிலருகே இருந்த பிளக் பாயிண்டை டயாலிசிஸ் மெஷின் பிடித்துக்கொள்ளும். அடுத்த கட்டிலில் ஒருவர் தூங்குவார். நடுவில் நீ மடியில் இதை வைத்துக்கொண்டு, காதில் இயர்போனோடு, தமிழ் சீரியல்களுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொண்டிருப்பாய். நானும் அதே வேலைதான் செய்தேன், வீட்டில், ஃபேனுக்கடியில். கொஞ்சம் ஓய்வெடேன் என்று ஒருமுறை சொன்னதற்கு, "சும்மா படுத்திருந்தா நான் பேஷன்ட்டுடி. இத்த தொறந்தா ஆபீஸ்ல கீறேன்" என்றாய்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் இதைக் கொண்டுவந்து கொடுத்தார். யாருக்காவது பயன்படட்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதே வாரத்தில் உன் சீரியல்களையும் கம்பெனி எனக்குத் தந்துவிட்டது. எனக்கு அந்த வருமானம் தேவைதான், மறுக்கவில்லை. உன் கம்ப்யூட்டரில் உன் வேலையைச் செய்து சாப்பிடுகிறேன். இன்னொன்று, சொல்லவே கூசுகிறது: எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. சைதாப்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதுகூடத் திறந்து நாலு வரி முடித்துவிடுகிறேன். எவ்வளவு வசதி என்று நினைப்பேன். யாருடைய கஷ்டத்துக்காகத் தேடி எடுத்தது என்ற நினைப்பு அதற்கப்புறம்தான் வரும்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. ஷிஃப்ட்டை அழுத்தி விட்டுவிட்டாலே அடுத்த ஆங்கில எழுத்து பெரிய எழுத்தாக, கேப்பிடலாக விழும்படி நீ மாற்றி வைத்திருந்தாய். ஷிஃப்ட்டையும் எழுத்தையும் சேர்த்து அழுத்த உனக்கு இன்னொரு கை இல்லை. எனக்கோ விரல் தவறி ஷிஃப்ட்டில் பட்டாலே எழுத்தெல்லாம் தாறுமாறாக வந்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் நாள் செட்டிங்ஸுக்குள் போய் அதை எடுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரர் ஒரு விண்ணப்பம் டைப் செய்ய வந்தார். உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவர். வலது கையாலேயே திறந்தார், ஷிஃப்ட்டைத் தட்டிவிட்டுக் கையை எடுத்து, உன் பெயரின் முதல் எழுத்தை அடித்தார். சின்ன எழுத்து விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் சின்னதுதான்.

"அத்த எடுத்துட்டீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நல்லதுதாம்மா. உங்களுக்கு ரெண்டு கையும் கீதே."

குத்திக்காட்டவெல்லாம் இல்லை, உண்மையாகத்தான் சொன்னார். அவர் போனதும் பழையபடி மாற்றினேன். அரை மணி நேரம் போராடினேன். எபிசோடை அனுப்பவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. திரும்பவும் எடுத்துவிட்டேன். உன் ஞாபகத்தைவிட என் வேலை பெரிதாகிவிட்டது, என்னத்தைச் சொல்ல.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். அதற்கு என் இடது கை தானாகவே ஷிஃப்ட்டுக்குப் போகிறது. போகும்போதெல்லாம், பிளாஸ்திரி ஒட்டித் தலையணைமேல் கிடந்த உன் இடது கை கண்ணில் வந்து நிற்கிறது. ஒரு எபிசோடில் நானூறு வரியாவது இருக்கும். ஒரு வரியிலும் அது வராமல் இருந்ததில்லை.