பால் தேத்தண்ணியும் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும்

ஹட்டன்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அப்பா எழுதுவது. தோஹாவில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் காய்ச்சல் விட்டுவிட்டது, இன்று மூன்று இடியப்பம் சாப்பிட்டுவிட்டு என்னைத் திட்டவும் செய்தாள், அதனால் பயப்படாதே. வருகிற திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரியில் அவளுக்குப் பித்தப்பையை எடுக்கிறார்கள். நீ அழுவாய் என்று டெலிபோனில் சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன்.

வயிற்றுவலி என்று போன மாதம் அவளை டவுனில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று அவர்கள் கொடுத்த துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் இருந்தது. படித்தவன் அல்லவா, ஒரு பிஸ்கட் கூடக் கொடுக்கவில்லை. ஆனால் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்றபோது அவள் குளிரில் நடுங்கினாள், பிளாஸ்கிலிருந்து பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நம் தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணியை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? ஸ்கேன் நிலையத்து வரவேற்பு மேசையில் இருந்தவன் கஜேந்திரன், உன்னோடு படித்தவன், ஐந்தாம் வகுப்பில் என் மாணவன். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டான், இல்லை என்றோம். பிறகு ரிப்போர்ட்டைக் கொடுத்து, "கல்லு கில்லு ஒன்னும் இல்ல சேர், சந்தோஷமா போங்க" என்றான். பித்தப்பை சுருங்கியிருக்கிறது, வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கவும் என்று அதே தாளில் டாக்டர் எழுதியிருந்தார். அவன் வாய்ச்சொல்லில் குளிர்ந்துபோய் நான் தாளைப் பிரிக்கவே இல்லை. மூன்று வாரத்தில் அம்மா காய்ச்சலில் துடித்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "அன்னைக்குக் காலையில வாய்ல என்ன போட்டீங்க, தேத்தண்ணியையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. ஊதிய பலூனுக்குள் கல் கிடந்தால் தெரியும், காற்றுப்போன பலூனில் எங்கே தேடுவது? பால் உள்ளே போனதும் பித்தப்பை அப்படித்தான் சுருங்கிவிடுமாம். வெறும் தண்ணீர் ஒரு மிடறு பரவாயில்லையாம். உனக்கு அடுத்த மாதம் கர்ப்பப்பை ஸ்கேன் என்றாயே, அதற்கு அநேகமாக நேர்மாறு, தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். எந்த ஸ்கேனுக்கு எப்படி வர வேண்டும் என்று முதல்நாளே கேள். மாத்திரை போடுவதையும் சொல். மற்றபடி அது வெறும் சத்த அலைதான், ஜெல்லி கொஞ்சம் குளிரும், வலிக்காது.

பெரியாஸ்பத்திரியில் மறுபடி எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது. அந்த ரிப்போர்ட்டையும் பழையதையும் கஜேந்திரன் முன்னால் போட்டேன். ஆட்கள் நிறைந்த இடத்தில் சிரித்துக்கொண்டு, "தோட்டத்து ஆளுங்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில ஏறாது சேர்" என்றான். அவன் அம்மா கொழுந்து பறித்துத்தான் அவனைப் படிக்க வைத்தாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரையும் கோபமும் ஒன்றாகத்தான் வருகின்றன. பெரிய டிமைத் தாளில், பால் தேத்தண்ணியும் சாப்பாடுதான் என்று கொட்டை எழுத்தில் எழுதி, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைமடுவத்திலும் கோயில் சுவரிலும் ஒட்டினேன். சனிக்கிழமைதோறும் அவன் வாசலுக்கு எதிரே நின்று, வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்கிறேன். குடித்தவர்களை இன்னொரு நாள் வேறு இடத்துக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். போன சனிக்கிழமை பதினொரு பேர். கஜேந்திரன் ஓடி வந்து, "பொழப்பைக் கெடுக்காதீங்க சேர், தமிழ்ல போர்ட் போடுறேன்" என்று கெஞ்சினான். எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா! போர்ட் போடு, அதோடு ஜெயந்தினியின் அம்மா கட்டில் பக்கத்தில் வந்து நின்று தப்பு என்னுடையது என்று சொல், அதுவரை விடமாட்டேன் என்றேன். அதற்கு மட்டும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

அம்மாவோ, "ஊத்தினது நீங்க, ஒதை அவனுக்கா?" என்கிறாள். என் தப்பை நான் மறைக்கவில்லை மகள், அவளிடம் அன்றே சொல்லி அழுதேன். அவனும் சொல்லட்டும். நாளை மறுநாள் சனிக்கிழமை அவன் வாசலுக்குப் போகவேண்டாம் என்று தடுப்பாள் என நினைத்தேன். நேற்றிரவு, "நானும் வாறேன், நாற்காலி ஒன்னு எடுத்துக்கங்க, மூஞ்சியப் பாத்தாத்தான் அவனுக்கு ஒறைக்கும்" என்றாள்.

மாரியம்மன் உங்களைக் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இருங்கள். திங்கட்கிழமை காலை ஒரு விளக்கு ஏற்று. கஜேந்திரன் உனக்கு வாட்ஸ்அப்பில் அழுதால் சமாதானம் பேசிவிடாதே. நம் லயத்து வீட்டுக்கு வரும் வழி அவனுக்குத் தெரியும்.

உன் மேல் உயிரான அப்பா,
அழகுமுத்து