மஞ்சத் துணி கட்டிய இருபது செடி

1952 ஜூன் 5, வியாழன்

"புழுவ எண்ணுதது ஒரு சோலியாட்டி வள்ளி?" என்றாள் மதினி. வேறு எந்தச் சோலிக்கு என்னை வெளியே விட்டார்கள்? கொழும்புக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் என்று தெரிந்ததிலிருந்து நாலு வருஷமாக அண்ணன் வீடுதான். வாசல்படி தாண்டினால் "எங்கட்டி போற?"

விவசாய ஆபீசர் பவுல்பாண்டியன் சார் ஊரில் எழுதத் தெரிந்த எட்டுப் பேருக்கு நோட்டு கொடுத்தார். பொம்பளை நான் ஒருத்திதான். வியாழன்தோறும் அவரவர் காட்டில் குறித்து வைத்த இருபது பருத்திச் செடியில் நூறு காயைத் திருப்பிப் பார்த்து, எத்தனையைப் புழு துளைத்திருக்கிறது என்று எழுத வேண்டும். அடையாளத்துக்குப் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கட்டினேன்.

ஜூன் 12

முப்பத்தொன்று.

ஜூலை முதல் வாரக் கணக்கு பத்துக்குள் இருந்தால் கோடைமழையில் துளிர்த்த செடியை விட்டுவைக்கலாம். மிஞ்சினால் ஆடிக்குள் பிடுங்கிப்போட உத்தரவு வரும். அண்ணன் சாப்பிடும்போது சொன்னான்: "ரெண்டாம் எடுப்புப் பருத்தி வீடு வந்து சேரட்டும், ஒன்ன பாளையங்கோட்டைல வாத்தியார் டிரெயினிங்ல சேத்துவிடுதேன். எல்லாம் ஒன் நோட்டுலதான் இருக்கு."

அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். சேர்க்க மாட்டார்கள்.

ஜூன் 19

பதினேழு! இரண்டு தடவை எண்ணினேன்.

ஜூன் 26

ஆறு. டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். மதினி பார்த்துக்கொண்டே போனாள்.

ஜூலை 2

அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். என் செடிகளுக்கு நடுவே மாடத்தி குனிந்து நிற்கிறாள். எங்கள் காட்டில் பருத்தி எடுக்க வருகிறவள். துளைத்த காயாகப் பார்த்துப் பிய்த்து ஓலைக் கொட்டானில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத மாடத்தி?"

"தபசுக்கு அம்மனுக்குச் சூறைவிடத்தான தாயி மஞ்சத் துணி கட்டியிருக்கிய? சொத்தப் பஞ்சயா ஆத்தாளுக்குப் போடுதது? தெனமும் விடிய வந்து சுத்தம் பண்ணுதேன். நீங்க நெனச்சது நடக்கணும்லா."

ஆடித்தபசு அன்று கோமதியம்மன் சப்பரத்தில் அவரவர் காட்டுப் பருத்தியை வீசுவது ஊர் வழக்கம். எனக்கு அது தோணவே இல்லையே. அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ஜூலை 3

குறித்த இருபது செடியில் மூன்று காய். காட்டின் நடுவில் போய் வேறு இருபது செடி பார்த்தேன். நாற்பத்தேழு.

நோட்டில் "குறித்த செடிகளில்" என்றுதான் அச்சடித்திருக்கிறது. மூன்று என்று எழுதினால் பொய் இல்லை — இல்லையா? யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கும் மாடத்திக்கும்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

ஆனால் இந்தப் புழு எங்கே போகும்? செடியைப் பிடுங்காமல் விட்டால், ஐப்பசி விதைப்பில் அடுத்த காட்டுக்குத்தான். அடுத்த காடு மாடத்தியின் அரைக் குறுக்கம். அவளுக்கு வேறு நிலமில்லை.

ஜூலை 4

நாற்பத்தேழு என்றே எழுதி, மூன்று வந்த காரணத்தையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

ஜூலை 21

உத்தரவு வந்துவிட்டது. அண்ணன் கத்தவில்லை. "படிச்ச திமிரு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனான். பாளையங்கோட்டைப் பேச்சே எழவில்லை. மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் போய் அழுதேன். என்னத்துக்கு எழுதினேன்? கோட்டிக்காரி. சுத்தக் கோட்டிக்காரி. ஒரு எண்ணுதானட்டி, மூணுன்னு போட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?

பெட்டியை மறுபடி பரணில் ஏற்றியாச்சு.

ஜூலை 30

செடியெல்லாம் பிடுங்கி எரித்தாயிற்று. என் இருபதையும் கடைசிவரை விட்டுவைத்து, வெடித்திருந்த பஞ்சை எடுத்து மாடத்தி என் முந்தானையில் போட்டாள். ஒரு கைப்பிடிதான், வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"என்ன நேந்துக்கிட்டியன்னு கேக்க மாட்டேன் தாயி. சொன்னா பலிக்காது."

தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆகஸ்ட் 5

தபசு. பஞ்சைச் சப்பரத்தில் வீசினேன். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.

1953 ஜனவரி 22, வியாழன்

போன மாதத்தோடு வயது தாண்டிவிட்டது.

புது நோட்டு தபாலில் வந்தது. மேலே என் பெயர் எழுதியிருக்கிறது. இந்தத் தடவை துணி கட்டவில்லை. வரப்பிலிருந்து எத்தனையாவது செடி என்பதை மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். மாடத்தி அவள் காட்டிலிருந்து, "எந்தச் செடின்னு சொல்லுங்க தாயி, நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். சொல்லவில்லை.

எங்கள் காட்டில் நூற்றுக்கு நாலு. அவள் காட்டில் ஒன்றே ஒன்று.

கிளம்பும்போது "எங்கட்டி போற?" என்று யாரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.