சட்டசபைக்குப் போன சொத்தைப் பல்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு, உங்க மனைவி வணக்கத்தோட எழுதுறது. நான் சுகம். நீங்களும் உங்க வாயில மிச்சமிருக்கிற பல்லுங்களும் சுகந்தானே?

இங்க ஒரு பெரிய கூத்து நடந்துபோச்சு! கடல் தாண்டி வந்து நான் டீ கொடுக்கிற இந்த நாட்டுச் சட்டசபையில மூணு வாரமா ஒரே சண்டை. எல்லாருக்கும் இலவச வைத்தியம்னு சட்டம் கொண்டுவந்தாங்க. “வரவைவிடச் செலவு அதிகம், அரசாங்கம் கடன்ல முழுகிடும்”னு பாதிப்பேர் கத்துனாங்க. டீ குடிக்க வந்த ஒரு மெம்பரம்மா, “நீங்க என்ன சொல்றீங்க?”ன்னு சும்மா கேட்டாங்க. “எங்க வீட்டுக்காரர் ஒரு சொத்தைப் பல்லுக்குச் செலவான்னு விட்டாரும்மா. கடைசியில நாலு பல்லைப் பிடுங்க அழுதுகிட்டே செலவழிச்சாரு”ன்னேன். அந்தம்மா உள்ள போய் அதை அப்படியே மைக்ல சொல்லிட்டாங்க! சபையே சிரிச்சுது. ரெண்டு ஓட்டுல சட்டம் ஜெயிச்சுடுச்சு! டிரேயைக் கீழ வச்சுட்டுக் கை தட்டினேன், காவலர் முறைச்சார்.

பதறாதீங்க, ஒரு சின்ன விஷயம். என் வலது கண்ணுல புரை. கொஞ்ச நாளா பாதி டீயைச் சாஸர்லதான் ஊத்துறேன். என்னை மாதிரி வெளிநாட்டுலேருந்து வேலைக்கு வந்தவங்களுக்கும் அந்த இலவச வைத்தியம் உண்டாம், அடுத்த மாசம் பத்தாம் தேதி காலையில ஆபரேஷன்.

இனிமே கொட்டை எழுத்துல எழுதுங்க. கண்ணு துடைக்க உங்க பழைய சட்டை ஒண்ணு அனுப்புங்க, துவைக்காட்டியும் பரவாயில்ல. ஆஸ்பத்திரி ஃபாரத்துல, வெளியில யாரு காத்திருப்பாங்கன்னு கேட்டிருந்துச்சு. உங்க பேரைத்தான் போட்டேன்.

மணி அடிச்சுட்டாங்க, டீக்கு ஓடணும். பத்தாம் தேதி காலையில எங்கயும் போகாம, நம்ம வாசல்லயாவது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்க.

உங்க வாயாடி