ஏழு கருவிகள் காணாத இரும்பு முள்

சீர் பெருகுக. கடம்பாற்று நாட்டை ஆளும் கொற்றநங்கை, தம் ஏழாம் ஆட்சியாண்டு ஆனித் திங்கள் பதினெட்டாம் நாள், மருதுறை அரச கருவிச்சாலையின் தலைவர் ஆதன் கீரனார்க்கு விடுக்கும் ஓலை. உம் உலைகள் அணையாதிருக்க; உம் தொழிலாளர் கைகள் நோவின்றி இருக்க; மருதுறை வாழ் மக்கள் யாவரும் பசியும் பிணியும் அறியாதிருக்க.

நாம் இங்கு நலம். கிழக்குக் கழனியில் உழவர் நலமாயில்லை. இருபது ஆண்டுகட்கு முன், பகைவரின் குதிரைப்படையைத் தடுக்க எம் தந்தையார் அக்கழனி முழுதும் இரும்பு முட்களைப் புதைக்கச் செய்ததை நீர் அறிவீர். குதிரைகள் வரவேயில்லை, முட்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. சென்ற ஆண்டு வெள்ளத்தில் நிலமிழந்த நாற்பது குடும்பங்களைத் தரிசாய்க் கிடந்த அக்கழனியில் குடியமர்த்த எண்ணி, முட்களைக் கண்டெடுக்க உம்மிடம் பன்னிரண்டு இரும்பறி கருவிகள் செய்வித்தோம். மூங்கில் தண்டின் நுனியில் பட்டுநூலில் தொங்கும் காந்த ஊசி, மண்ணுள் இரும்பு உள்ள இடத்தில் அசைந்து காட்டும் என்று நீர் விளக்கியபோது சிறுமியைப் போல் மகிழ்ந்தோம், அதை மறைப்பானேன்?

சென்ற திங்கள், அக்கருவிகளுள் ஒன்று முள்ளில்லை என்று காட்டிய வயலில் அழிசி என்னும் உழவர் ஏர் பூட்டினார். நாலாம் உழவுசாலில் ஒரு முள் அவர் வலக்காலைத் துளைத்தது. இன்றும் கோலூன்றியே நடக்கிறார். நாற்பது குடும்பத்தாரும் கழனியில் இறங்க மறுக்கிறார்கள். ஆடிப்பெருக்கிற்குள் விதை விழாவிடில் இவ்வாண்டு அவர்களுக்கு நெல் இல்லை.

அழிசியின் மனைவி வேண்மாள் முறையிட்டதற்கு நீர் அனுப்பிய மறுமொழியைப் படித்தோம். தண்டு முறிந்தாலோ நூல் அறுந்தாலோ மூன்றாண்டுக்குள் புதுக்கருவி தருவதாகவே உறுதியோலை கூறுகிறது என்றும், தண்டும் நூலும் பழுதின்றி இருப்பதால் சாலைக்குப் பொறுப்பில்லை என்றும், கருவியைப் பிடித்தவர் விரைந்து நடந்திருக்கக்கூடும் என்றும் எழுதியிருந்தீர். தண்டின் நலத்தை இத்துணை அக்கறையுடன் விசாரிக்கும் நீர், அழிசியின் காலைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கலாம். எமக்குச் சினம் வந்தது. அதைவிட வியப்பே மிகுந்தது. ஒரே சாலையில், ஒரே மூங்கிலில், ஒரே உறுதியோலையுடன் வந்த கருவிகளுள் ஒன்று மட்டும் தவறுமா, பல தவறுமா, தவறினால் ஏன் என்று அறியாமல் எமக்கு உறக்கம் கொள்ளவில்லை.

ஆகவே அரண்மனை முற்றத்தில் ஒரு முள்ளைச் சாண் ஆழத்தில் புதைத்து, பன்னிரண்டையும் நாமே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். பன்னிரண்டிலும் ஊசி அசைந்தது. அமைச்சர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், எம் அருகே நின்று முடிவுகளைக் குறித்துவந்த ஓலைநாயகம் பூதனார் உணவுண்ணச் சென்றிருந்தார். அப்போது பார்த்தால் ஏழு கருவிகளின் ஊசிகள் அசையவேயில்லை! மோர் குடித்த வாயைத் துடைத்தபடி அவர் திரும்பி வந்து பக்கத்தில் நின்றதும் ஏழும் அசைந்தன. வலுக்குன்றிய அவ்வூசிகள் மண்ணுள் இருந்த முள்ளை உணரவில்லை; அவர் கையிலிருந்த இரும்பு எழுத்தாணியையே உணர்ந்தன.

அந்த ஏழிலும் சோதனையாளர் சாத்தனாரின் முத்திரை இருந்தது. ஏனைய ஐந்திலும் கோதையாரின் முத்திரை. உடனே ஆளனுப்பி உம் சோதனைக்கூடத்தைக் கண்டுவரச் செய்தோம். சாத்தனார் கருவியை முள் புதைத்த மணல்தொட்டியின் மேல் நிறுத்தி, ஓலையும் எழுத்தாணியுமாக அதன் அருகிலேயே நின்று, ஊசி அசைந்த கணமே நன்று என்று எழுதிவிடுகிறாராம். கோதையார்க்கு எழுத்தறிவில்லை, தேறிய கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பானையில் இடுகிறாராம். புளியங்கொட்டைக்கு எந்த ஊசியும் அசையாது. சாத்தனாரிடம் வஞ்சமில்லை, உம் சாலையில் ஒருநாளும் குறிப்பெழுதத் தவறாதவர் அவர் ஒருவரே என்று கேள்வியுற்றோம். அவர் மேல் எமக்கு இரக்கமே உண்டாயிற்று.

ஆதலின் எம் ஆணை இது. இவ்வோலையோடு திரும்பி வரும் ஏழு கருவிகளின் ஊசிகளையும் புதிதாய்க் காந்தமேற்றி, கோதையார் முத்திரையிட்ட பின்னரே அனுப்புக. இனிச் சோதனைத் தொட்டிக்குப் பதினாறு முழத்துக்குள் எழுத்தாணி வரலாகாது. உறுதியோலையில் தண்டையும் நூலையும் எழுதுமுன், கருவி இரும்பைக் காணும் என்பதை முதல் வரியாய் எழுதுக. காணாவிடில் அதனால் வரும் தீங்குக்குச் சாலையே பொறுப்பு என்பதை அடுத்த வரியாய் எழுதுக. அழிசி குணமாகும் வரை அவர் வயலை உம் சாலையாரே உழுது தருக.

ஆடி பத்தாம் நாளுக்குள் கழனி முழுதும் மீண்டும் தேடப்பட வேண்டும். பதினோராம் நாள் காலை நீரும் சாத்தனாரும் கோதையாரும் அக்கழனியைச் செருப்பின்றிக் குறுக்கே நடந்து கடக்கவேண்டும். அஞ்சற்க, முள் புதைத்தவரின் மகளாகிய நாம் வெறுங்காலுடன் உமக்கு முன்னே நடப்போம். வேண்மாள் எதிர் வரப்பில் நின்று நம் நால்வர் பாதங்களையும் பார்ப்பார். பார்த்த பின்னரே விதைக்கூடையைத் தூக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வாணை பிறழாதிருக்க. எம் கைப்பட அரக்கில் கடம்பமலர் முத்திரை பொறித்தோம்.