டெல்லாவுக்காக ஒட்டிய பக்கங்கள்

ஜனவரி 9, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் இன்று இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும். ரோலுக்காகப் பிள்ளைகள் இரண்டாம் தடவை வரிசையில் வந்து நின்றார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் மரிசெலின் கார். சமூக நலத்துறையில் டெல்லாவின் வழக்கைப் பார்ப்பவள். சொல்லாமல் வருகிறவள் இல்லை. 

கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "நீதிபதி சம்மதிச்சிட்டார், லோர்னா. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் டெல்லா அவ அம்மாகூடப் போயிடுவா."

தெரியாமலா டெல்லாவை வளர்க்க வாங்கிக்கொண்டோம்? ஒன்றரை வயதில் கொண்டுவந்து விட்டபோதே சொன்னார்கள் — தாய் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வரும்வரைதான் என்று. ஆம்பர் மீண்டுவிட்டாள். நல்ல செய்தி. நல்ல செய்திதானே?

கிளம்பும்போது மரிசெல் இன்னொன்றும் சொன்னாள். "நாலு வயசுல நடந்தது பின்னால ஞாபகம் நிக்காது. படமெல்லாம் ஒட்டி, பக்கத்துல எழுதி, ஒரு ஸ்கிராப்புக் பண்ணிக் குடுங்க. இப்படி வீடு மாறுற பிள்ளைங்களுக்கு அது பெரிய துணை."

எனக்குப் பரிசுப் பொட்டலத்தையே நேராகச் சுற்ற வராது.

ஜனவரி 13, சனி

டார்லீன் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, எது ஆரம்பித்தாலும் என்னை இழுத்துக்கொண்டு போகிறவள். லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பெண்கள் கூடி ஸ்கிராப்புக் ஒட்டுகிறார்கள். நீள மேசைகள், வண்ணக் காகிதக் கட்டுகள், வெட்டும் கருவிகள். ஓரத்தில் கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த ரன்சா ரொட்டி ஒரு தட்டு நிறைய. எல்லோரும் ரயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி சக்கரம் வைத்த பை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் மளிகைப் பையில் போட்டோக்களைப் போட்டுக்கொண்டு போனேன்.

முதல் பக்கம்: டெல்லா மக்காச்சோளக் கதிர் வேஷம் போட்ட ஹாலோவீன். கோணலாக ஒட்டினேன். பிய்த்தெடுத்தபோது ஒரு மூலை கிழிந்தது.

"இது போட்டோடி, பஞ்சரான டயர் இல்ல. எதுக்கு இவ்வளவு பசை?" என்றாள் டார்லீன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 28, ஞாயிறு

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். மூன்று நாளாகச் சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். வீட்டுக்காரர் வெய்ன் தானியக் கிடங்கிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு, நின்று பார்க்கிறார், கராஜுக்குப் போய்விடுகிறார்.

கை கொஞ்சம் பழகிவிட்டது. படத்துக்குக் கீழே வேறு நிறத் தாள் வைத்தால் படம் எழுந்து நிற்கிறது. ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் வேறு நினைப்பே வரவில்லை. அதுவே போதும்.

டெல்லா மடியில் ஏறி, "அம்மா, இது நானா?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டாள். நீதான். நீதான். இதுவும் நீதான்.

பிப்ரவரி 10, சனி

இன்று டார்லீன் என் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் விரலை வைத்தாள். "இந்தக் கை யாரோடது?"

டெல்லாவின் தோளில் ஒரு கை. மணிக்கட்டுவரைதான் இருக்கிறது. நலத்துறை அலுவலகத்தில் ஆம்பர் வந்து பார்த்த நாளில் எடுத்தது. மிச்ச ஆம்பரை நான் வெட்டியிருக்கிறேன்.

"பக்கத்துக்கு அடங்கல" என்றேன்.

"அடங்கல" என்றாள் டார்லீன், என்னைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது. பிள்ளையின் அம்மா ஒரு பக்கத்திலும் இல்லை. டெல்லா பிறந்ததே எங்கள் வாசலில் என்பது போல ஆரம்பிக்கிறது. வெய்ன் மெதுவாகக் கேட்டார்: "இத அவளுக்குப் பண்றியா, உனக்குப் பண்றியா?"

ரெண்டு நாள் அவர்கூடப் பேசப் போறதில்ல.

பிப்ரவரி 11, ஞாயிறு

பேசிவிட்டேன். அவர் கேட்டதில் தப்பில்லை.

மார்ச் 2, சனி

ஒரு நாள் தன்னோடு வைத்துக்கொள்ள டெல்லாவைக் கூட்டிப்போக ஆம்பர் வந்தபோது வாகன நிறுத்தத்தில் கேட்டேன், குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் ஏதாவது இருக்குமா என்று. ஒல்லி உடம்பு, ஆண்களின் பெரிய ஜாக்கெட். காற்று அவள் முடியை வாயில் அடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல. போனை வித்துட்டேன். எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள்.

உள்ளுக்குள் ஒரு சின்ன திருப்தி. சீ. எழுதும்போதே கை கூசுகிறது.

அப்புறம் அவள் சொன்னாள்: "படந்தான் இல்ல. ஞாபகம் இருக்கு. அத எழுதலாமா?"

அடுத்த சனிக்கிழமை தேவாலயத்துக்கு வா என்றேன். வரமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மார்ச் 9, சனி

வந்தாள். இறைச்சி ஆலையில் வேலை முடித்து நேராக. மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டார்லீன்தான், "உக்காரும்மா. ரன்சா சூடா இருக்கு. லோர்னா பக்கத்துல மட்டும் பசைய வைக்காத, குடிச்சிருவா" என்று இடம் போட்டுக் கொடுத்தாள்.

ஆம்பர் பள்ளிப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். டெல்லா பிறந்த அன்று ஆலங்கட்டி மழையாம். பேருந்தில் ஏறினால்தான் தூங்குவாளாம். அதற்காகவே ஆம்பர் அவளோடு ஊர் முழுக்கச் சும்மா சுற்றிவருவாளாம். முதலில் சொன்ன வார்த்தை 'நிலா'வாம் — தெருவிளக்கைப் பார்த்து.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் வந்து சொன்ன வார்த்தைதான் முதல் வார்த்தை என்று நினைத்துக்கொண்டு ஒரு பக்கமே ஒட்டியிருந்தேன். அந்தத் தலைப்பைச் சத்தமில்லாமல் உரித்தேன்.

பிறகு சண்டை வந்தது. டெல்லா ஏன் எங்களிடம் வந்தாள் என்ற பக்கத்துக்கு நான், "உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று எழுதி வைத்திருந்தேன்.

"அப்படி எழுதாதீங்க" என்றாள் ஆம்பர்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு வேற எப்படிச் சொல்றது?"

"அவ நாலு வயசுலயே நிக்கப் போறாளா? பன்னெண்டு வயசுல எடுத்துப் படிப்பா. அப்ப யார் பொய் சொன்னாங்கன்னு தேடுவா."

பேனாவை என் கையிலிருந்து வாங்கி எழுதினாள்: 'நான் போதை மருந்து எடுத்தேன். உன்னைச் சரியாகப் பார்த்துக்க முடியலை. அது உன் தப்பில்லை. அதை விட்டுட்டேன்.' கீழே தன் பெயர். பக்கத்தில் ஒரு பூவோ, காகித நாடாவோ வைக்கச் சம்மதிக்கவில்லை.

அவளை எனக்குப் பிடித்துப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஏப்ரல் 13, சனி

ஆம்பர் வரவில்லை. தேவாலயத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். போன் எடுக்கவில்லை. ரெண்டு தடவை செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

டார்லீன், "வேலையா இருக்கும், விடு" என்றாள்.

ஏப்ரல் 15, திங்கள்

மரிசெலுக்குப் போன் செய்தேன். ஆம்பர் சொன்னபடி வரவில்லை, போனும் எடுக்கவில்லை, கவலையாக இருக்கிறது என்றேன்.

கவலையா? யாரை ஏமாத்துறே லோர்னா. அவ திரும்ப விழுந்திருக்கணும்னு நினைச்ச. டெல்லா இங்கயே இருந்துடுவான்னு நினைச்ச. மனசு அவ்வளவு கேவலமா ஓடுச்சு. ஓடுறது தெரிஞ்சும் நம்பரை அழுத்தினேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

மரிசெல் கூப்பிட்டாள். ஆலைக்கே போய் ஆம்பரை வெளியே அழைத்துப் போதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களாம். ஒன்றும் இல்லை. சுத்தம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடுதல் ஷிப்ட் போட்டிருந்தார்கள். போனை அங்கே பூட்டி வைக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தபோது சார்ஜ் செத்துப்போயிருந்தது.

"நீங்க சொன்னது தப்புன்னு சொல்லல" என்றாள் மரிசெல். குரல் அப்படிச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, சனி

ஆம்பர் டெல்லாவை அழைத்துப்போக வந்தாள். பிள்ளையைக் காரில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் வந்தாள். கத்தவில்லை.

"மேஸ்திரி, கூட வேலை செய்றவங்க, எல்லார் முன்னாடியும் கூட்டிட்டுப் போனாங்க. நீங்க ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டேன். நீ போன் எடுக்கல."

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம். நான் உங்ககிட்ட பிள்ளைய விட்டுட்டு மூணு வருஷம் பொறுத்திருந்தேன்."



மே 11, சனி

ஆம்பர் வரவில்லை. அவளுடைய நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை. மீதிப் பக்கங்களைத் தனியாக முடித்தேன். ஆம்பரின் முழுப் படம் ஒன்று மரிசெலிடம் வாங்கி, வெட்டிய படத்தின் மேலேயே ஒட்டினேன். கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது. தெரியட்டும்.

மே 24, வெள்ளி

போய்விட்டாள்.

ஆம்பரின் காரில் குழந்தை இருக்கையை வெய்ன்தான் பொருத்தினார். இழுத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், மறுபடி கழற்றிப் பொருத்தினார். ஆம்பர் பொறுமையாக நின்றாள். கடைசியில் அவரே, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நேராகக் கராஜுக்குள் போய்விட்டார். டெல்லா புதுச் செருப்பை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். எங்கோ ஊர் சுற்றப் போகிறோம் என்ற நினைப்பு.

ஆல்பத்தைக் கொடுத்தேன். ஆம்பர் திறக்கவில்லை. துணிப் பைகளோடு டிக்கியில் வைத்து மூடினாள். "தேங்க்ஸ்" என்றாள். அவ்வளவுதான்.

வேறென்ன எதிர்பார்த்தேன்?

ஜூன் 8, சனி

டார்லீன் வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. "நீ உள்ள இருக்கேன்னு தெரியும்டி. டி.வி. கேக்குது" என்றாள் வெளியிலிருந்து. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஜூலை 4, வியாழன்

சுதந்திர தினம். ஊரெல்லாம் வெடிச் சத்தம். வெய்ன் இந்த வருஷம் பட்டாசு வாங்கவில்லை.

ஜூலை 13, சனி

டார்லீனோடு போனேன். ஒட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குக் காகிதம் வெட்டிக் கொடுத்தேன். இப்போது நேராக வெட்டுகிறேன். ஒருத்தி, "உனக்குன்னு ஒரு ஆல்பம் பண்ணிக்கோயேன்" என்றாள். எதை வைத்து?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆம்பருக்குச் செய்தி அனுப்பினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் இதுதான் மிஞ்சியது: 'ஏப்ரலில் நான் போன் செய்தது உன்மேல் கவலைப்பட்டு இல்லை. டெல்லாவை விட மனசில்லாமல். மன்னித்துவிடு. பதில் போட வேண்டாம்.'

வெய்னிடம் காட்டினேன். "அனுப்பிட்டியா?" என்றார். அனுப்பிட்டேன் என்றேன். தலையாட்டினார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பதில் இல்லை. வேண்டாம் என்று நான்தானே எழுதினேன்.

செப்டம்பர் 12, வியாழன்

மதிய உணவு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். ஆம்பர்.

'போன்ல இருக்கற படத்தையெல்லாம் எங்க பிரிண்ட் போடுவீங்க? இங்க கடையில போட்டா முகமெல்லாம் சிவப்பா வருது.'

வேறு ஒன்றும் இல்லை. வணக்கம்கூட இல்லை.

இடத்தைச் சொன்னேன். பளபளப்பில்லாத தாளில் கேள், விரல் தடம் பதியாது என்றும் எழுதினேன். நிறைய எழுதிவிட்டேனோ? கொஞ்ச நேரம் கழித்து, 'சனிக்கிழமை அங்க கூடறாங்களா இன்னும்?' என்று வந்தது.

செப்டம்பர் 14, சனி

வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் வரமாட்டார்கள் என்று ஒரு பயம். டார்லீன்தான் முதலில் பார்த்தாள். "வாம்மா. பைன்னா இதுல்ல பை" என்று வந்தவளின் பையைப் புகழ்ந்தாள். திரும்பினேன். ஆம்பர் சக்கரம் வைத்த பை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரம் உருளவில்லை. மறுகையைப் பிடித்தபடி டெல்லா. உயரமாகிவிட்டாள். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கிறது. ஏன் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ஆம்பர் ஆல்பத்தை மேசையில் வைத்தாள். அட்டை ஓரமெல்லாம் அழுக்காகி, ஜாம் கறை படிந்து, நைந்திருந்தது. "தினம் படிக்கச் சொல்றா. இல்லேன்னா தூங்க மாட்டேங்கறா" என்றாள், புகார் சொல்வது போல.

என் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு புதுப் பக்கங்கள் இருந்தன. நீச்சல் குளம். மாடிப்படியில் ஒரு பூனை. மழலையர் பள்ளி முதல் நாள். எல்லாம் கோணல், பசை வெளியே பிதுங்கியிருக்கிறது. கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத டெல்லா.

அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு முழங்கையைத் தொட்டு, முன்பு போல அம்மா என்று இல்லாமல், "லோர்னா" என்றாள்.

ஆம்பரின் கை காகிதத்தில் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

பசை வேண்டுமாம். மூடியைத் திறந்து கொடுத்தேன்.