பன்றி மேல் எய்த அம்பு

ஐப்பசி, ஞாயிறு

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஏரி இன்னும் பாதிகூட நிறையவில்லை. ஏரி என்றதும் மடையடியில் படுத்துக் கிடந்த அந்தக் கிழ முதலை - சரி, அது வேறு கதை. மாலையில் மன்றத்தில் கதை சொல்லச் சொன்னார்கள். காரிருட்டில் உறுமலை மட்டும் கேட்டு ஒரு பன்றியின் கண்ணில் அம்பு தைத்ததைச் சொன்னேன்.

"கூத்தன் அம்புக்கே கண்ணு இருக்குதய்யா!" என்றார்கள்.

சேந்தன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? அந்தப் பன்றியைக் கொன்றவன் அவன். நான் சொல்கிற எல்லாப் பன்றியையும் கொன்றவன் அவன்தான். ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

ஐப்பசி, வியாழன்

சேந்தன் செத்துப்போனான். என் அம்புதான். தினைக்கொல்லையில் பன்றி விரட்டப் போயிருந்தோம். புதருக்கு அந்தப் பக்கம் எப்போ போனான்? ஏன்டா ஒரு சத்தம் குடுக்கல? கழுத்துல பட்டுது.

ஐப்பசி, சனி

எழுத வரவில்லை.

கார்த்திகை, திங்கள்

நாட்டார் கூடினார்கள். வேண்டுமென்றே எய்திருந்தால் என் உயிர் போகும். தவறி எய்திருந்தால் கோயிலில் அணையா விளக்கு எரிய ஆடுகள் கொடுக்க வேண்டும்.

தலைவர் வேளார் கேட்டார். "ஏன்டா கூத்தா, இருட்டுல உறுமலக் கேட்டே கண்ணுல அடிக்கிறவன் நீ. பட்டப்பகல்ல மனுசன் எது, பன்னி எதுன்னு தெரியலியா?"

என் கதைக்குக் கைதட்டிய முகங்கள் எல்லாம் என்னையே பார்த்தன. அதெல்லாம் பொய் என்று ஒரு சொல் சொன்னால் பிழைப்பேன். வாய் திறக்கவில்லை. உயிர் போகிற இடத்திலும் பேர் போய்விடுமே என்று நின்றேன். என்ன மனுசன் நான்?

சேந்தன் மனைவி சாத்தி எழுந்தாள்.

"வேளாரே, இவரு ஒரு பன்னியும் அடிச்சதில்ல. வச்ச குறிக்கு இவரு அம்பு போனதே கெடையாது. எங்க வீட்டுக்காரரு அடிப்பாரு, இந்த அண்ணன் பேசுவாரு. 'சொல்லிட்டுப் போறான் விடு, கறி நமக்குத்தான'ம்பாரு."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "அப்போ எங்கிட்ட ஒரு பன்னிக் கோரப்பல்லு காட்டுனானே?"

"அதுவும் அவரு குடுத்ததுதான்."

மன்றமே சிரித்தது. செத்தவனுக்காகக் கூடிய கூட்டத்தில் சிரிப்பு.

"ரெண்டு பேருக்கும் பகை ஏதும் உண்டாம்மா?" என்றார் வேளார்.

"இல்ல."

பிழைத்துவிட்டேன். தரையைப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

கார்த்திகை, புதன்

என் ஆடுகள் எல்லாம் விளக்குக்குப் போயின. அவற்றை மேய்த்து நாள்தோறும் நெய் கொடுக்கும் பொறுப்பைச் சாத்திக்குத் தந்தார்கள். மிச்சப் பால் அவளுக்கு. நெய்யைக் கோயிலுக்குச் சுமக்க வேண்டியவன் நான். நெற்றி வெள்ளை ஆடு ஒன்று உண்டு, பிறந்த அன்றே என் மேலாடையைத் தின்ற கழுதை. அது மட்டும் போகமாட்டேன் என்று திரும்பித் திரும்பிக் கத்தியது.

கோயில் சுவரில் கல்தச்சன் தீர்ப்பை வெட்டி முடித்துவிட்டான். ஊரார் கேட்க உரக்கப் படித்தார்கள். 'கூத்தன் பன்றி மேல் எய்த அம்பு தவறிச் சேந்தன் பட்டான்.' நான் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

மார்கழி, வெள்ளி

நெய் வாங்கப் போனேன். கலயத்தில் ஊற்றிக்கொண்டே சாத்தி கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்குப் பன்னி நெசமாவே வந்துச்சா?"

நாட்டார் கேட்காத கேள்வி. வந்தது என்று சொல்லியிருக்கலாம். கல்லிலேயே அப்படித்தான் இருக்கிறது.

"இல்லம்மா. எல அசைஞ்சுது. பன்னியா இருக்கணும்னு நெனச்சுட்டேன். ஒண்ணாவது நெசமா நான் அடிச்சதா இருக்கட்டுமேன்னு…"

ஊற்றிய கை நின்றது. பிறகு மீதி நெய்யையும் ஊற்றினாள். எப்போதும்போல் கையில் தராமல் கலயத்தைத் தரையில் வைத்தாள்.

"சிந்தாம எடுத்துட்டுப் போ," என்றாள்.

அண்ணே என்று சொல்லவில்லை.