எட்டும் இருபத்தொன்றும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் நீ பேச்சை மாற்றுகிறாய், இல்லையென்றால் சார்ஜ் இல்லை என்கிறாய். கடிதத்தைப் போன் போலப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

உன் மனைவி எல்லாம் சொன்னாள். முதல் சுற்று மருந்தில் எலும்பு மஜ்ஜை சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், மிச்சச் சுற்றுகள் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாயாம். "சுத்தம்னு அவங்களே சொல்லிட்டாங்க, இன்னும் எதுக்கு என்னை வாட்டணும்?" என்றாயாம். வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர் விழுங்கவே தவித்தவன் நீ. கேட்டதில் தப்பில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மருந்து தொடங்கும் முன் உன் மஜ்ஜை பரிசோதனைக்கு வந்தது நான் வேலை பார்க்கும் எங்கள் ஆய்வகத்துக்குத்தான். சொந்தக்காரர்களுடையதை நாங்கள் பார்க்கக் கூடாது. நுண்ணோக்கி அறை வாசலில் காலிப் பெட்டிகளை அடுக்குகிற சாக்கில் நின்றேன். ரத்தப் புற்றுநோய் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது, எந்த வகை என்பதுதான் கேள்வி. மருந்துக்கு நன்றாக மசிகிற வகை ஒன்று உண்டு; ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் கோளாறுதான் அதற்கு அடையாளம். யாருடைய குரோமோசோமிலும் கோளாறு இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. அன்றைக்கு அந்தக் கோளாறுதான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் தலைமை அம்மாவைச் சிடுமூஞ்சி என்போமே, அவர்தான் பார்த்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து, "எட்டும் இருபத்தொண்ணும்தான். போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்றார். நான் போன கொஞ்ச நேரத்தில் அவரும் பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

எட்டாவது குரோமோசோமும் இருபத்தொன்றாவதும் உடைந்து துண்டு மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். ஈ.டி.ஓ. என்று ஒரு புரதம், அதன் கூடப்பிறந்தவை போல இன்னும் இரண்டு. சில மரபணுக்களை அடக்கி வைப்பது இந்தக் குடும்பத்தின் வேலை. உடம்புக்கு அதுவும் வேண்டும். உனக்கோ, அந்தத் துண்டு மாற்றத்தால், ரத்த அணுக்களை வளர்த்து ஆளாக்குகிற வேறொரு புரதத்தோடு ஈ.டி.ஓ. ஒட்டிக்கொண்டது. வளர்க்க வேண்டிய இடத்தில் போய் அடக்குகிறது. அணுக்கள் பிஞ்சாகவே நின்று பெருகுகின்றன.

நுண்ணோக்கியில் இப்போது சுத்தம்தான். ஆனால் அந்த ஒட்டலின் தடயத்தைத் தேடும் நுட்பமான சோதனையில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. மிச்சச் சுற்றுகள் அதற்காகத்தான். நீ கரையானுக்கு மருந்து அடிக்கிறவன். ஒரு தடவை அடித்ததும் போதும் என்கிற வீட்டுக்காரர்களிடம், "கண்ணுக்குத் தெரியலைன்னா போயிடுச்சுன்னு அர்த்தமா?" என்று சண்டை பிடிப்பாயே. உன்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கோபித்துக்கொள். திட்டு. ஆனால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடு, என் ராசா.

உன் அக்கா

* * *

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டுவதற்கு என் தொழில்தானா கிடைத்தது? கடிதத்தை உன் தம்பி மனைவி சத்தமாகப் படித்தாள். கரையான் இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று. அதற்காகவே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

இரண்டாவது சுற்றுக்குப் பின் தடயம் நன்றாகக் குறைந்துவிட்டதாம். மூன்றாவதும் முடிந்தது. வாய்ப்புண் இந்த முறை அவ்வளவு இல்லை. நேற்று இரண்டு முட்டை சாப்பிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் தன் வீட்டு மரப்படியில் கரையான், வந்து மருந்து அடி என்று சொல்லி, இப்போதே என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்.

இன்று காலை மறுபடி மாதிரி எடுத்தார்கள். உங்கள் ஆய்வகத்துக்குத்தான் வருகிறது. எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும். நல்ல செய்தியென்றால் யார் சொன்னாலும் சரி. வேறு மாதிரி இருந்தால் நீயே நேரில் வந்து சொல், அக்கா.

நல்ல செய்தியென்றாலும் வா.

உன் தம்பி